வலிக்குச் சாட்சி கேட்கிறார்கள்

“முதுகுவலி யாருக்குத்தான் இல்லை?” பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் ஊன ஓய்வூதியம் கேட்டு மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்தால், நம் திருச்சியில் முதலில் வந்து விழும் சொல் இதுதான். காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவருக்கு இல்லையா, பொன்மலைப் பணிமனையில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவருக்கு இல்லையா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். கால் போயிருந்தால் சரி, குண்டு பாய்ந்திருந்தால் சரி. டிஸ்க் விலகிவிட்டது, இடது கால் மரத்துப்போகிறது, ராத்திரியில் நரம்பு சுண்டி இழுக்கிறது என்று சொல்கிறவருக்கெல்லாம் ஆயுள் முழுக்க அரசு பணம் தர வேண்டுமா?

தெருப்பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. ஓய்வுபெறும் நேரத்தில் கூடும் மருத்துவ வாரியத்தின் தாளிலும் இதே எண்ணம் அலுவலக நடையில் உட்கார்ந்திருக்கிறது: தேய்மான நோய், பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதுமல்ல. 2023 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் ஊன ஓய்வூதிய விதிகளைத் திருத்தியபோதும், தாராளமான விதிகளைச் சிலர் சுரண்டுவதைத் தடுக்கவே இந்த மாற்றம் என்று விளக்கம் தரப்பட்டது. ஆகக்கூடி, ஊரும் வாரியமும் அமைச்சகமும் ஒரே சந்தேகத்தை மூன்று குரலில் பேசுகின்றன. அந்தச் சந்தேகம் மருத்துவத்திலும் நிற்காது, சட்டத்திலும் நிற்காது, கணக்கிலும் நிற்காது என்பதே என் வாதம்.

முதலில், எதைப் பற்றிய தகராறு இது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1961ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய ஒழுங்குவிதிகள், 173ஆவது விதியில், இரண்டு நிபந்தனைகளை வைத்தன. ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அது ராணுவப் பணியால் வந்ததாகவோ, பணியால் அதிகமானதாகவோ இருக்க வேண்டும். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு வரும் முதுகுத்தண்டு வழக்குகளைப் படித்துப் பாருங்கள். தகராறு பெரும்பாலும் முதல் நிபந்தனையில் இருப்பதில்லை. நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஊனம் 20 சதவீதம் அல்லது 30 சதவீதம், ஆயுள் முழுக்க நீடிக்கும் என்று வாரியமே எழுதிக் கையெழுத்திட்டிருக்கும். அதற்கடுத்த கட்டத்தில்தான் பணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற வரி வரும்.

ஆகவே, ‘நடிக்கிறார்’ என்ற குற்றச்சாட்டு இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. ஊனம் இருக்கிறது என்று சொன்னவர்கள் அரசின் சொந்த மருத்துவர்கள். அளந்தவர்களும் அவர்களே. வந்த இடம் எது என்பது மட்டுமே மிச்சமிருக்கும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் ஆள்சேர்ப்பு முகாம். திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் முகாமுக்கு வரும் பையன் 1.6 கிலோமீட்டர் ஓடுகிறான், 9 அடிப் பள்ளத்தைத் தாண்டுகிறான், கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்குகிறான். பிறகு மருத்துவர்கள் தலை முதல் கால் வரை பார்த்து, முழுத் தகுதி என்று எழுதிய பிறகே உள்ளே போகிறான். முதுகுத்தண்டில் கோணல் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதினேழு வருடம் கழித்து அதே ஆள் கெட்ட முதுகோடு அதே வாசல் வழியாக வெளியே வரும்போது, இது உன் உடம்பின் வாகு என்கிறார்கள். அப்படியானால் சேர்த்த நாளில் எழுதிய சான்றிதழ் எதற்கு?

இதைத்தான் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 2ஆம் தேதி தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது. 1982ஆம் ஆண்டு ஊன ஓய்வூதிய உரிமை விதிகளின்படி, சேரும்போது குறித்துவைக்கப்படாத நோய் எதுவும் அன்று இல்லை என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பாரம் படைவீரர்மேல் இல்லை. நியாயமான ஐயம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. சேரும் சமயத்தில் கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று வாரியம் கருதினால், அதற்கான காரணத்தை எழுதிவைக்க வேண்டும். 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கும் 2015இல் ராஜ்பீர் சிங் வழக்கும் இதையே உறுதி செய்தன.

மருத்துவ வாரியத்தின் கருத்துக்கே முதன்மை தர வேண்டும் என்று 2009இல் தாமோதரன் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லவில்லையா என்று எதிர்த்தரப்பு கேட்கும். சொன்னது. காரணத்தோடு எழுதிய கருத்துக்கு முதன்மை தருவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ‘தேய்மானம், சம்பந்தமில்லை’ என்ற ஒற்றை வரியில் கருத்து எங்கே இருக்கிறது? 2025 மே மாதத்தில் ராஜுமோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஓட்டையையும் அடைத்தது. காரணம் சொல்லாத வாரிய அறிக்கையைக் காட்டி ஒருவருக்கு ஓய்வூதியத்தை மறுக்க முடியாது.

இனி, வயதானால் எல்லோருக்கும் வருவதுதான் என்ற வாதம். இதற்கு அறிவியல் ஆதாரம்கூட உண்டு. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2015இல் அமெரிக்க நரம்புக் கதிரியல் இதழில் வெளியானது. இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. எல்லோருக்கும் இருக்கிறதே, பிறகென்ன என்று இதைக் காட்டிக் கேட்பவர்கள் ஆய்வின் முதல் வரியை மறந்துவிடுகிறார்கள். அதில் சேர்க்கப்பட்ட அத்தனை பேரும் வலியில்லாதவர்கள். தேய்மானத்தோடு வலியின்றி வாழ முடியும் என்றால், அதே தேய்மானத்தோடு இவரால் மட்டும் ஏன் குனிய முடியவில்லை, ஏன் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது? இயற்கை தேய்த்ததற்கு மேல் வேறு ஏதோ ஒன்று இவர் முதுகில் ஏறியிருக்க வேண்டும். அது என்ன என்று பார்ப்பதுதான் வாரியத்தின் வேலை. பார்த்தால், தெரியாமல் போகாது. காலாட்படையில் 81 மில்லிமீட்டர் மோர்ட்டாரைக் குழல், தாங்கி, அடித்தட்டு என்று பிரித்து ஆளுக்கொன்றாகச் சுமந்து மலை ஏறுவார்கள். சப்ளை கோரில் லாரி ஓட்டியவர் லடாக் பாதையில் வருடக்கணக்காக இடுப்பு அதிர உட்கார்ந்திருக்கிறார். நீண்ட கால அதிர்வு இடுப்பு முதுகெலும்பைக் கெடுக்கும் என்பது தொழில் மருத்துவத்தில் பழைய பாடம். சியாச்சின் போன்ற இடங்களில் பனிக்கடி வாங்கிய விரல்களில், புண் ஆறிய பிறகும் நரம்புவலி ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

இவற்றில் எதுவும் ஒரே காரணமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. பணியால் அதிகமானாலும் போதும். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோள் காய்த்திருந்தால், இது பல்லக்கால் வந்ததா, பிறவியிலேயே வந்ததா என்று உத்திர வீதியில் எவரும் விசாரணை வைப்பதில்லை. பதினேழு வருடம் சுமந்தவர் முதுகுக்கு மட்டும் ஏன் அந்த விசாரணை?

வயது வாதத்தில் இன்னொரு கோணலும் உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்த சிப்பாய் முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் ஓய்வுபெற்று வந்துவிடுகிறார். அந்த வயதைக் காட்டி ‘மூப்பு’ என்று எழுதுகிறவர்கள், அதே வயதில் பெல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரை இளைஞர் என்பார்கள்.

நோய் தொடங்கியபோது அமைதி நிலையத்தில் இருந்தார், எல்லையில் இல்லை என்பது வாரியங்கள் விரும்பி எழுதும் இன்னொரு வரி. முதுகுத்தண்டு போஸ்டிங் ஆர்டரைப் படித்துவிட்டுக் கெடுவதில்லை. மலையில் ஆரம்பித்த பிதுக்கம் சமவெளிக்கு வந்த மூன்றாவது வருடம் நரம்பை அழுத்தலாம். தவிர, அமைதி நிலையம் என்றால் சாய்வு நாற்காலி என்று யார் சொன்னது? அங்கேயும் விடியற்காலை ஓட்டம் உண்டு, உடல்திறன் தேர்வு உண்டு, சுமையோடு நடைப்பயணம் உண்டு, லாரியில் ஏற்றி இறக்கும் வேலை உண்டு. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அமைதி நிலையத்தில் நோய் தெரிந்தது என்பது மட்டுமே பணித் தொடர்பை மறுக்கக் காரணமாகாது.

சரி, அவ்வளவு வலி இருந்திருந்தால் பணியில் இருந்தபோதே ஏன் சொல்லவில்லை, ஏன் பதிவு இல்லை என்ற கேள்வி வரும். பட்டாளத்தை அறியாதவர்களின் கேள்வி இது. வலி என்று போனால் மருத்துவத் தரம் இறங்கும். தரம் இறங்கினால் நாயக் ஹவில்தார் ஆவது தள்ளிப்போகும், சில பணியிடங்கள் கைவிட்டுப் போகும். போலி நோய் என்று முத்திரை விழுந்தால் அது வெறும் பழியோடு நிற்காது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46ஆவது பிரிவில் நோய் நடிப்பது ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதனால்தான் பலர் யூனிட் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தைலத்தைத் தேய்த்து, வெளியில் வாங்கிய மாத்திரையை விழுங்கி, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு காலையில் வரிசையில் நின்றிருக்கிறார்கள். கடமை உணர்வு என்று அன்று மெச்சப்பட்டது, ஓய்வுபெறும் நாளில் ‘பதிவில்லை’ என்ற குறையாக மாறுகிறது.

வலியைக் கருவி காட்டவில்லை என்பதும் இதே வகை. நரம்புக் கடத்தல் சோதனை தடித்த நரம்பு இழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலையும் சுண்டலையும் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் அந்தச் சோதனை ‘சரி’ என்று வரலாம். அமெரிக்காவில் இந்தச் சண்டை நடந்து முடிந்துவிட்டது. 2018இல் சாண்டர்ஸ் வழக்கில் அங்குள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், நோயின் பெயர் கண்டுபிடிக்கப்படாவிட்டாலும், உடலின் இயக்கத்தைக் குறைக்கும் வலி தன்னளவிலேயே ஊனம்தான் என்று தீர்ப்பளித்தது. நம் வாரியங்களோ படத்தில் தெரிந்தால் தேய்மானம், தெரியாவிட்டால் பொய் என்று இரண்டு பக்கமும் கதவைச் சாத்துகின்றன.

அடுத்தது நம் ஊரின் பிரத்தியேக வாதம். ‘வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறார், கோயிலில் காவல் பார்க்கிறார், அவருக்கா ஊனம்?’ 30 சதவீத ஊனம் என்றால் 70 சதவீதம் உடம்பு வேலை செய்கிறது என்றுதான் பொருள். படுத்த படுக்கையாக இருந்தால்தான் ஊனம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. நாற்பது வயதில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு ஊர் திரும்பியவர் சிப்பாய் ஓய்வூதியத்தில் மட்டும் குடும்பம் நடத்த முடியாமல்தான் அந்த வாசலில் நிற்கிறார். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்த் தரையில் குப்புறப் படுப்பதை நாம் பார்ப்பதில்லை.

மார்க்கெட் சுமைதூக்குபவருக்கும் பணிமனைத் தொழிலாளிக்கும் இல்லாதது இவருக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கும் நேராகவே பதில் சொல்லலாம். அவர்களுக்கும் வேண்டும். தொழிலால் வரும் நோய்களின் பட்டியல் ஒன்றை வைத்து, அவை வேலையால் வந்தவை என்றே ஊகிக்கும் கொள்கையை 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே ஏற்றிருந்தது. பட்டியல் நீள வேண்டும் என்று போராடினால் நானும் வருவேன். ஒருவருக்கு நடக்கும் அநியாயம் இன்னொருவருக்குச் செய்யும் அநியாயத்துக்கு நியாயமாகாது. மேலும், இடுப்பு பிடித்துக்கொண்டால் சுமைதூக்குபவர் கூலியை இழந்தாவது ஒரு நாள் உட்காரலாம். சிப்பாய் உத்தரவை மறுத்தால் அது குற்றம்.

இப்போது எதிர்த்தரப்பின் பலமான ஆயுதம். 2023இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையின்படி, 2015-16 முதல் 2019-20 வரை ஆண்டுதோறும் ஓய்வுபெற்ற அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேரும், மற்ற படிநிலையினரில் 15 முதல் 18 சதவீதம் பேரும் ஊன ஓய்வூதியம் பெற்றார்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை போன்ற வாழ்க்கைமுறை நோய்களின் பங்கை அறிக்கை சுட்டிக்காட்டியது. சுரண்டல் என்ற சொல்லுக்கு இதுதான் வேர்.

அந்த எண்களையே திரும்பப் படிப்போம். மோர்ட்டாரைச் சுமப்பவர் சிப்பாய். லாரி ஓட்டுபவர் சிப்பாய். பதுங்குகுழி வெட்டுபவரும் சிப்பாய். உடம்பு தேயும் வேலை கீழே கிடக்க, ஊன ஓய்வூதியம் மேலே இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருப்பது எப்படி? எந்தத் தாள் வேண்டும், எப்போது கேட்க வேண்டும், மறுத்தால் எங்கே போக வேண்டும் என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரிகிறது, கீழே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மேலே தவறு நடந்திருந்தால் அதை அங்கே தேடிப் பிடியுங்கள். பொது விதியை இறுக்கினால், தாள் தெரிந்தவர் அப்போதும் தப்பிப்பார். மணச்சநல்லூரிலோ முசிறியிலோ தனியாக உட்கார்ந்து மனு எழுதும் ஹவில்தார்தான் மாட்டுவார்.

எவ்வளவு பணத்துக்கு இந்தச் சண்டை? கடைசி ஊதியம் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீத ஊனத்துக்கு ஊதியத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. 20 சதவீத ஊனத்துக்கு மாதம் 2,700 ரூபாய் வரும். 50க்குக் கீழ்ப்பட்ட ஊனத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் பழைய விதிச் சலுகை கிடைத்தால் 6,750 ரூபாய். அகவிலை நிவாரணம் தனி. இந்தச் சலுகை ஓய்வு வயதில் வெளியேறியவருக்குக் கிடையாது என்று அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடி, 2014 டிசம்பர் 10ஆம் தேதி ராம் அவ்தார் வழக்கில் தோற்றது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழு 2015இல் தந்த அறிக்கையும், ஊனமுற்ற வீரர்கள்மேல் அரசு தொடுக்கும் மேல்முறையீடுகளைக் கடுமையாக விமர்சித்தது. பொதுப்பணத்தைக் காப்பாற்றுகிறோம் என்பவர்கள், இந்த வழக்குகளுக்கான வக்கீல் செலவையும் அதே பணத்திலிருந்துதான் எடுக்கிறார்கள்.

மேல்முறையீட்டுப் பாதையைப் பாருங்கள். வாரியம் மறுத்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் போனால் இரண்டாவது. அப்புறம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதன் சென்னை அமர்வு. டிஸ்க் விலகியவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, தன்னால் உட்கார முடியவில்லை என்று சொல்லப் போக வேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு 2004இல் மதுரைக் கிளை வந்தபோது திருச்சி மாவட்டத்து வழக்காடிகளின் சென்னைப் பயணம் குறைந்தது. படைவீரருக்கு அந்த ஆறுதலும் இல்லை.

தாமதமானால் நட்டமும் அவருக்கே. 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலுவைத் தொகையை மனுச்செய்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு நிறுத்தியது. வழக்கு தொடுத்தவர் 1983இலேயே பணியிலிருந்து அனுப்பப்பட்டு 1999இல் நீதிமன்றத்துக்கு வந்தவர். இதைவிடக் கொடியது 2008ஆம் ஆண்டு ஊன ஓய்வூதிய உரிமை விதிகளில் உள்ள ஒரு சரத்து. ஓய்வுபெற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், பணி ஆவணங்கள் அழிக்கப்பட்ட நிலையில் உரிமை கோரினால், நிரூபிக்கும் பாரம் படைவீரர்மேல் விழும். ஆவணத்தை வைத்திருந்தது அரசு, அழித்ததும் அரசு, இல்லாத ஆவணத்தைக் கொண்டுவர வேண்டியவர் மட்டும் சிப்பாய்!

நாலு வருட ஆள்சேர்ப்புத் திட்டமான அக்னிபத் வந்த பிறகு இந்தத் தகராறு இன்னும் கூர்மையாகும். நாலு வருடத்தில் திரும்பிவரும் அக்னிவீரர்களுக்கு ஓய்வூதியமே இல்லை. பணியால் வந்த ஊனத்துக்கு 100, 75, 50 சதவீதம் என்ற படிகளில் 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒருமுறை கிடைக்கும். இருபத்திரண்டு வயதில் கெட்ட முதுகோடு வரும் பையனிடமும் ‘தேய்மானம்’ என்று சொல்லப்போகிறார்களா?

திருச்சி நன்றி கெட்ட ஊர் அல்ல. முதல் உலகப்போருக்குப் போனவர்களுக்குக் காந்தி மார்க்கெட் அருகே நினைவுச் சின்னம் வைத்திருக்கிறோம். 1999 மே மாதம் படாலிக்கில் வீழ்ந்த மேஜர் சரவணனுக்கு மாலை போடுகிறோம். செத்தவரைக் கொண்டாடுவது சுலபம், அவர் மேல்முறையீடு செய்ய மாட்டார். உயிரோடு திரும்பிவந்து மாத்திரைச் சீட்டை நீட்டுகிறவரிடம்தான் நம் தேசப்பற்று சாட்சி கேட்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மறுக்கும் வாரியம், இவர் என்ன வேலை செய்தார், அந்த வேலை ஏன் இந்த நோயைக் கூட்டியிருக்க முடியாது என்பதைப் பெயரும் காரணமுமாக எழுத வேண்டும். எழுதாத மறுப்பு முதல் மேல்முறையீட்டிலேயே ரத்தாக வேண்டும். பணி ஆவணங்களின் முழுப் பிரதி ஓய்வுபெறும் நாளில் கேட்காமலே கையில் வர வேண்டும். லக்னோ அமர்வு நைனிடாலுக்குப் போய் வழக்கு கேட்பதுபோல், சென்னை அமர்வு திருச்சிக்கு வந்து உட்கார வேண்டும். தோற்ற வாதத்தையே திரும்பத் திரும்ப உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதை அமைச்சகம் நிறுத்த வேண்டும்.

பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வலியை மறைக்காதீர்கள். விழுந்தால் காய அறிக்கை எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு ஆஸ்பத்திரிச் சீட்டையும் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், வாரிய அறிக்கையின் பிரதியை வாங்காமல் வெளியே வராதீர்கள், ஆறு மாதக் கெடுவைத் தவறவிடாதீர்கள். மற்றவர்களுக்கும் ஒன்று: அடுத்த முறை ‘முதுகுவலி யாருக்குத்தான் இல்லை’ என்று சொல்ல வாய் வரும்போது, சேர்த்த நாளில் அந்த முதுகு நன்றாக இருந்தது என்று எழுதிக்கொடுத்தது அரசுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டது எப்படி என்று சொல்ல வேண்டிய கடமையும் அரசுக்கே.